சூளைப் பக்கத்துக் கிளை

சூளையைப் பிரிக்கிற அன்று எங்கள் பீங்கான் ஷெட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். பச்சை மண்ணாக உள்ளே போன சாமான் எப்படி வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது. நெருப்புக்குள் போய் வந்த பிறகுதான் தெரியும்.

ஒரு நாள் டீ கப் வெந்திருந்தது. முதல் வரிசையை எடுத்தார்கள். பிடியெல்லாம் விண்டிருந்தது. அடுத்த வரிசையும் அப்படித்தான். சில கப்பில் பிடியே இல்லை. கழன்று கீழே கிடந்தது.

முதலாளி ஒரு கப்பை எடுத்துத் தரையில் போட்டார்.

"யாரு புடி ஒட்டுனது?"

பொம்பளைகள் எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

"நான்தாங்க" என்றாள் அக்கா.

ஒட்டியது அவள் இல்லை. அந்த வாரம் முழுக்க அவள் மெருகு முக்குகிற தொட்டிப் பக்கம் நின்றாள். முதலாளிக்கும் அது தெரியும். பிடி ஒட்டுகிற மண் கரைசல்தான் சரியில்லை என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். கரைசலைக் கலக்கியது முதலாளியின் மச்சான். அதை யார் வாய்விட்டுச் சொல்வது.

"நீயா? நீ மெருகுல தானம்மா இருந்த?"

"நடுவுல வந்து கொஞ்சம் ஒட்டுனேங்க."

"கொஞ்சமா? மொத்தமும் போச்சே."

"ஆமாங்க."

முதலாளி அவளையே பார்த்தார். திட்ட வாய் வரவில்லை. "வாரிக் கொட்டுங்க எல்லாத்தையும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நாங்கள் கூடையை எடுத்தோம். வேலை ஓடியது.

விருத்தாசலத்துப் பீங்கான் ஷெட்டுக்கு நான் வேலைக்குப் போன புதிது அது. அக்காவை அப்படித்தான் முதலில் பார்த்தேன்.

அவள் பேரை எழுதப் போவதில்லை. பேரைச் சொன்னால் ஊரில் சிலருக்கு ஒரே ஒரு பேச்சுதான் ஞாபகம் வரும். அந்தப் பேச்சு பொய். அவள் இப்போது இல்லை. அவள் வீட்டுக்காரரும் இல்லை. இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள்.

ஒல்லியாக, நெட்டையாக இருப்பாள். முழங்கை வரைக்கும் மண் காய்ந்து வெள்ளையாக இருக்கும். யார் கையிலிருந்து எது விழுந்தாலும் முதலில் குனிகிறவள் அவள்தான். பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்தால், "நான்தான் காலை நீட்டி வெச்சிட்டேன்" என்பாள். மிதித்தவர்கள் சிரித்துவிடுவார்கள்.

ஷெட்டில் அவளைக் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது.

"ஏக்கா, மணிமுத்தாத்துல தண்ணி வரல. யாராலன்னு கலெக்டரு கேட்டா நான்தான்னு சொல்லுவியா?"

"கேட்டா சொல்லுவேன்."

"தண்டவாளத்துல ரயிலு நின்னு போச்சுன்னா?"

"அதுக்கும் கையக் காட்டு என் பக்கம். வா வா, ஈரம் காயறதுக்குள்ள தேய்."

எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

ஒரு நாள் சோறு சாப்பிடும்போது கேட்டேன்.

"ஏன்க்கா எல்லாத்துக்கும் நான்னு சொல்ற?"

"எங்கப்பா குடிச்சிட்டு வந்தாருன்னா, யாரு பண்ணதுன்னு கேப்பாரு. எதப் பண்ணதுன்னு அவருக்கே தெரியாது. யாராச்சும் ஒருத்தர் நான்னு சொன்னா அத்தோட முடிஞ்சிரும். தம்பி, தங்கச்சி எல்லாம் சின்னது. நான் சொல்லிடுவேன்."

"அடி?"

"வுழும். ஒருத்தருக்கு வுழுந்தா போதும்ல."

சொல்லிவிட்டு என் சோற்றில் அவள் கருவாட்டை வைத்தாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருத்தி எப்போதும் முதுகைக் காட்டினால் மற்றவர்கள் கைக்கு அது பழகிவிடும். அவளிடம் சொன்னேன். "பழகிட்டுப் போவட்டும்" என்றாள்.

அவள் வீட்டுக்காரர் அந்த ஷெட்டுச் சூளைக்காரர். நெருப்பு போடுகிற வேலை. சூளையை மூடிப் பற்றவைத்தால் இறக்குகிற வரைக்கும் அடுப்பு வாயை விட்டு நகர மாட்டார். முந்திரி விறகைத் தள்ளிக்கொண்டே இருப்பார். சின்ன ஓட்டை வழியாக உள்ளே பார்ப்பார். சிவப்பு போய், மஞ்சள் போய், வெள்ளை வரும்வரை பார்ப்பார். மார்பும் வயிறும் தொடையும் கறுத்துப் போயிருக்கும். முதுகு மட்டும் அவர் சொந்த நிறத்தில் இருக்கும். குடி கிடையாது. அதிர்ந்து பேச மாட்டார். நல்ல மனுஷர். இதை எழுதும்போதும் அவரை நல்ல மனுஷர் என்றுதான் எழுதுகிறேன்.

சூளைக்குப் பின்னால் அவர்களுக்கு ஒரு அறை கொடுத்திருந்தார் முதலாளி. அவள், அவர், அவர் அம்மா. மூன்று பேர். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் மூன்று பேர்தான்.

அறைக்கும் சூளைக்கும் நடுவில் ஒரு மாமரம். ஷெட்டு கட்டுவதற்கு முன்னாலிருந்தே நிற்கிற மரம். அதில் பாதிக் கிளை ரோட்டுப் பக்கம், பாதிக் கிளை சூளைப் பக்கம். தை மாசம் பிறந்தால் இரண்டு பக்கமும் பூத்துவிடும். சூளைப் பக்கம்தான் கொஞ்சம் முந்திப் பூக்கும். ரோட்டுப் பக்கம் மிளகு மிளகாகப் பிஞ்சு இறங்கும். பிறகு கோலிக்குண்டு. பிறகு காய். சூளைப் பக்கம் ஒன்றும் இறங்காது. பூ கறுத்து உதிரும். காம்பு மட்டும் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி வெறுமனே நிற்கும். நான் பார்த்து எல்லா வருஷமும் அப்படித்தான்.

பூத்துக் காய்க்காத மரத்துக்கு எங்கள் பக்கத்தில் பழைய செருப்பையும் தேய்ந்த துடைப்பத்தையும் கட்டித் தொங்கவிடுவார்கள். அவமானம் தாங்காமல் காய்த்துவிடும் என்று சொல்வார்கள். அக்காவின் மாமியார் ஒவ்வொரு தையிலும் அந்தச் சூளைப் பக்கத்துக் கிளையில் செருப்புக் கட்டுவாள். கட்டிவிட்டு மரத்தைப் பார்த்துப் பேசுவாள். குரல் மட்டும் அறைக்குள் போகும்.

"பூக்கறதுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. மினுக்கிக்கினு நிக்கறதப் பாரு. ஒரு பிஞ்சுக்கு வக்கு இல்ல. தின்னுற சோறெல்லாம் எங்கதான் போவுதோ."

மரம் எங்கே சோறு தின்றது.

அக்கா வாசலுக்கு வருவாள். "நான்தான் அத்த தண்ணி சரியா ஊத்தல. அதான்" என்பாள்.

மரத்துக்கும் சேர்த்து அவளே.

சுனாமி வந்ததற்கு அடுத்த மாசம் என்று நினைக்கிறேன். கிழக்கே கடற்கரை ஊரெல்லாம் அழுதுகொண்டிருந்த சமயம். ஊருக்கு வெளியே இருக்கிற பண்ணை ஒன்றிலிருந்து ஒரு சார் வந்தார். முந்திரி, மா எல்லாம் ஆராய்ச்சி பண்ணுகிற இடம். செடி வைக்கத் தொட்டி வேண்டும் என்று வந்தவர், மரத்தில் செருப்பு தொங்குவதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்னம்மா, மரத்துக்கு யாரு செருப்பு மாட்டி வுட்டது?"

"நான்தாங்க" என்றாள் அக்கா.

"காய்க்கலையா?"

"அந்தப் பக்கம் காய்க்குதுங்க. இந்தப் பக்கம் பூத்துட்டு கொட்டிடுது."

அவர் அந்தப் பக்கம் ஒரு பூங்கொத்து, இந்தப் பக்கம் ஒரு பூங்கொத்து ஒடித்தார். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு சூளையைப் பார்த்தார். அன்றைக்கு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. மரத்தடியில் நின்றாலே முகம் காய்ந்தது.

"இங்க பாரும்மா. பூ நடுவுல ஊதா நெறத்துல தலை மாதிரி ஒண்ணு இருக்குது பாரு. கடுகை விடச் சின்னது. அதுக்குள்ள பொடி இருக்கும். மகரந்தம்னு சொல்லுவோம். அந்தப் பொடி உசுரோட போய் நடுவுல ஒட்டுனாத்தான் பிஞ்சு. சூளை அனலு மொத்தமும் இந்தப் பக்கம் அடிக்குது. பொடி செத்துப் போவுது. பூவுல மொய்க்கிற ஈ கூட இந்த அனலுக்கு வராது."

"குளிருன்னா நல்லதுங்களா?"

"குளிரும் அதிகமானா ஆவாது. மார்கழிப் பனி தை கடைசி வரைக்கும் வுடாம அடிச்சா, பொடி சரியா வெளையாது. அந்த வருஷம் தோப்பெல்லாம் பூவா இருக்கும், காய் இருக்காது. சூடும் அளவா இருக்கணும், குளிரும் அளவா இருக்கணும்."

"அப்ப பூ நல்ல பூதானுங்களா?"

"பூவுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஒரே மரம்தான? ஒரே வேரு."

"பூ மேல தப்பு இல்லைங்களே?"

"இல்லம்மா. பொடிதான் செத்துப்போச்சு."

அவள் திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "வேணும்னா சூளை எரியாத நாளா பாத்து, அந்தப் பக்கத்துப் பூவ எடுத்து இதுல தொட்டு வெச்சுப் பாரு. ஒண்ணு ரெண்டு புடிச்சாலும் புடிக்கும்" என்றார். தொட்டிக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். அவள் செய்தாள்.

அந்தச் சூளை இறக்கியதும் செங்கல் பெயர்ந்திருந்தது. மராமத்து பார்க்கும்வரை நெருப்பு இல்லை. பொம்மைக்குக் கண் எழுதுகிற பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு காலையில் ஸ்டூல் போட்டு ஏறினாள். ரோட்டுப் பக்கத்துப் பூவில் பிரஷ்ஷைத் தடவுவாள். இறங்குவாள். ஸ்டூலை இந்தப் பக்கம் தூக்கிப் போட்டு ஏறுவாள். புதிதாக விரிந்த பூவாகப் பார்த்துத் தொடுவாள். பொம்மைக்குக் கண் எழுதுகிற மாதிரியே மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடுவாள்.

"இன்னாடி பண்ற அங்க?" என்று மாமியார் கேட்டாள்.

"பூச்சி அரிக்குதான்னு பாக்கறேன் அத்த."

பிஞ்சு பிடித்தது. நிறைய இல்லை. மொத்தமும் ஒரு கைக்குள் அடங்கும். ஆனால் அந்தப் பக்கத்தில் அதுவரை ஒன்றுகூட இல்லை. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. காம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பூ நல்ல பூதான் புள்ள" என்றாள்.

மாமியாரும் வந்து பார்த்தாள். "பாத்தியா, செருப்பு கட்டுனேன். மானம் வந்து காய்ச்சிருச்சு" என்றாள்.

"ஆமா அத்த" என்றாள் அக்கா.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சூளைக்குப் பின்னால் ஓடினேன். அப்படிச் சிரித்தேன். அந்த வருஷத்தில் நான் சிரித்தது அதோடு சரி.

அதற்குப் பிறகுதான் அவள் என்னிடம் ஒன்றைச் சொன்னாள். பல வருஷம் முன்னாலேயே விருத்தாசலத்தில் ஒரு டாக்டரம்மா அவளைச் சோதித்துவிட்டு, உனக்கு ஒரு குறையும் இல்லை, உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறாள். இவள் வீட்டுக்கு வந்து, "என்கிட்ட கொஞ்சம் கொறை இருக்குதாம், மாத்திரை குடுத்திருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவரைக் கூப்பிடவே இல்லை.

இப்போது கூப்பிட்டாள். "ஏங்க, பாண்டிச்சேரி போய் ரெண்டு பேருமா பாத்துட்டு வந்துடலாங்க." அவர் சரி என்றார். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. நான் ஆறாவது வரை போனவள். போர்டு படிக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

முதல் தடவை சோதனை. இரண்டாவது தடவை பதில். கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தேன். அவர் முதலில் வெளியே வந்தார். நேரே குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். துண்டால் துடைத்தார். மறுபடி கழுவினார். மறுபடி துடைத்தார்.

பஸ்ஸில் அவர் எங்களோடு உட்காரவில்லை. முன்னால் போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். நெய்வேலி தாண்டி வழியெல்லாம் முந்திரி பூத்திருந்தது. வெயில் அப்போதே ஏறியிருந்தது.

"டாக்டரு என்னாக்கா சொன்னாரு?"

"அவரு கிட்ட உயிரணு இல்லாத மாதிரிதானாம். நெருப்புகிட்ட நிக்கற வேலையான்னு கேட்டாரு. ஆமான்னோம். அதுகூட காரணமா இருக்கலாம்மா, வேலைய மாத்திக் கொஞ்ச மாசம் பாருங்க, ஆனா உறுதியா சொல்ல முடியாதுன்னாரு."

பண்ணை சார் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள். "வூட்ல என்கிட்டதான் கொறைன்னு சொல்லிடப் போறேன்."

"ஏன்க்கா? இதுக்கும் நீயா?"

"மெதுவா பேசு. அவரு சூளைக்காரரு. ஷெட்டுல இத்தினி ஆம்பளைங்க இருக்காங்க. இது தெரிஞ்சா அவரு நிமிந்து நிப்பாரா? என்னச் சொன்னா எனக்குப் பழக்கம்தான."

"இது கப்பு புடி இல்லக்கா."

"தெரியுது புள்ள. நீ வாயத் தொறக்கக் கூடாது. தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அவர் சூளையை விட்டுப் பார்த்தார். ஜங்ஷனில் மூட்டை தூக்கப் போனார். அந்த வேலை அவர் உடம்புக்கு ஆகவில்லை. ஷெட்டில் வேறு ஆள் நெருப்பு போட்டு ஒரு சூளை பாழாகிவிட்டது. முதலாளி வந்து நின்றார். "நீ வரலன்னா அந்த ரூம காலி பண்ணிக் குடுத்துடுப்பா, வர்ற ஆளுக்கு வேணும்" என்றார். அவர் திரும்பி நெருப்புக்கே வந்தார். அக்கா தடுத்துப் பார்த்தாள். "எங்க போறது சொல்லு" என்று கேட்டிருக்கிறார்.

மாமியார் சும்மா இருக்கவில்லை. குறை மருமகளிடம்தான் என்று மருமகளே சொல்லியாகிவிட்டது. இனி என்ன தடை. கருவேப்பிலங்குறிச்சி தாண்டி ஒரு கிராமத்தில் பெண் பார்த்துவிட்டாள். அப்பா இல்லாத பெண். கீழே தங்கச்சிகள் இருந்தார்கள். பெண்ணின் அம்மா ஒரே ஒரு பேச்சு சொன்னாளாம். "மூத்தவ வந்து அவ கையால எம்பொண்ணுக்குப் பூ வெக்கணும். அவ மனசார வெச்சாத்தான் இவ வாழுவா."

எங்கள் பக்கம் அப்படித்தான். மூத்தவள் பூ வைத்துவிட்டால் பிறகு யாரும் யாரையும் கேட்க முடியாது.

அவர் ஒரு தடவை "எனக்கு வேணாம்மா" என்றார். "ஏன் வேணாம்? காரணத்தச் சொல்லு" என்றாள் அம்மா. அவரால் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சூளைக்குப் போய்விட்டார்.

டீ வந்த நேரத்தில் அக்காவைத் தனியாகப் பிடித்தேன்.

"அந்தப் பொண்ண நெனச்சுப் பாத்தியா?"

"அதத்தான் நெனக்கறேன். வந்த மறு வருஷமே கேக்க ஆரம்பிச்சிடுவாங்க. வாசல்ல நின்னுக்கினு அது காதுல வுழற மாதிரி பேசுவாங்க. சின்னப் பொண்ணு. எனக்கு முன்னாடியே நான்தான், நான்தான்னு சொல்லிப் பழக்கம். அதுக்கு என்னா தெரியும்?"

"அப்ப நடந்தத சொல்லிடு."

"அவர எங்க நிறுத்துவாங்க புள்ள?"

"அப்ப பூ வெக்காத."

"ஏன்னு கேப்பாங்கல்ல."

சாமான் துடைக்கிற பஞ்சைப் பிழிந்தாள். தண்ணீரெல்லாம் போன பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

பூ வைக்கிற அன்று வேன் வைத்துப் போனோம். என்னையும் வா என்று கூப்பிட்டாள். மடியில் பூத்தட்டை வைத்துக்கொண்டு வந்தாள். மாமியார் அன்றைக்கு அவளிடம் தேன் மாதிரிப் பேசினாள். "நீதாம்மா பெரியவ. எல்லாம் உன் கையாலதான்" என்றாள். அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பெண் இரவல் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். ஜாக்கெட் அளவு பெரிது, தோளில் நழுவிக்கொண்டே இருந்தது. பயந்துபோய் இருந்தாள். ஆனாலும் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். அக்காவின் காலைத் தொட்டாள். பிறகு பாயில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். புதிதாக எண்ணெய் வைத்துப் பின்னிய தலை.

அக்கா தட்டிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தாள். எடுத்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் காத்திருந்தோம். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கதவு ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேணாம் என்று மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போதும். சொல்லவில்லை.

அக்கா சரத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"நான் வெக்க மாட்டேன்."

"இன்னாடி சொல்ற?" என்றாள் மாமியார்.

"எனக்குப் புடிக்கல. என் புருஷன எவளுக்கும் குடுக்க மாட்டேன்."

"ஏய், ஏதோ வெளையாடுதும்மா" என்று மாமியார் பெண்ணின் அம்மாவிடம் சிரித்தாள். "வையிடி. நல்ல நேரம் போவுது."

அக்கா குரலை உயர்த்தினாள். அவளுக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"வெளையாடல. நல்லா கேட்டுக்கங்க. என் வூட்டுக்குள்ள இவ கால வெச்சா, சோத்துல வெஷத்த வெச்சிடுவேன். என்னால பாத்துக்கினு இருக்க முடியாது. சொல்லிட்டேன். அப்புறம் என்னக் குத்தம் சொல்லாதீங்க."

பெண்ணின் அம்மா ஓடிவந்து மகளை இழுத்துத் தன் பின்னால் தள்ளிக்கொண்டாள். மாமியார் அக்காவின் கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். மலடி என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். அதையெல்லாம் எழுத வேண்டாம். பெண்ணின் மாமா ஒருவர் எங்களை வெளியே போகச் சொன்னார். தெருவில் ஆள் கூடிவிட்டது. அந்தப் பெண் அழுதுகொண்டே கேட்டது என் காதில் விழுந்தது. "நான் இன்னாம்மா பண்ணேன் அவங்கள?"

அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவள் திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினாள். அவர் கடைசியாக வந்து முன்னால் ஏறினார்.

விருத்தாசலம் வரும்வரை மாமியார் அழுதுகொண்டே வந்தாள். மறுநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு சேத்தியாத்தோப்பில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருப்பாள்.

பேச்சு பரவிவிட்டது. விஷம் வைக்கிறவள். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. ஷெட்டில் அவள் கொடுக்கிற ஊறுகாயை யாரும் வாங்கவில்லை. பிள்ளைகளை அந்த அறைப் பக்கம் விடவில்லை. பழைய கிண்டல் நின்றுபோனது. சூளையில் ஏதாவது கெட்டுப்போனால் முன்பு அவள் நான்தான் என்று சொல்வாள். இப்போது அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யார் பண்ணியது என்று முதலாளி கேட்டதும் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் ஆமாங்க என்றாள்.

நான் அவள் ஊறுகாயைச் சாப்பிட்டேன். அது பெரிய காரியமில்லை. எனக்கு உண்மை தெரியும்.

அவர் அதைப் பற்றி அவளிடம் ஒரு நாளும் பேசவில்லை என்று சொன்னாள். ஆனால் ஒன்று செய்தார். அதுவரை டீக்கடைப் பையன் கொண்டுவருகிற டீயைக் குடிக்கிறவர், அதை நிறுத்திவிட்டார். டீ நேரத்தில் அறை வாசலுக்குப் போவார். அவள் டம்ளரைக் கொடுப்பாள். அதை வாங்கிக்கொண்டு ஷெட்டின் நடுவில் வந்து, எல்லோரும் பார்க்கிற இடத்தில் நின்று, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பார். மழை பெய்தாலும் அங்கேதான் நின்று குடிப்பார். அவரால் முடிந்தது அவ்வளவு.

சில வருஷத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சு அடைத்துப் போய்விட்டார். முதலாளி டீசல் சூளை போட்டார். அறையையும் மரத்தையும் எடுத்துவிட்டார். அக்கா ஊர் ஓரத்தில் ஒரு கூரை வீட்டுக்கு வந்தாள். வேகாத பச்சை அகல் விளக்கை வீட்டுக்கு வாங்கிவந்து ஓரம் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவாச்சும் சொல்லிடலாமேக்கா" என்றேன் ஒரு தடவை.

"செத்தவர இழுத்து வெச்சு என்னாத்துக்கு" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். சதை போட்டிருந்தாள். இடுப்பில் ஒரு ஆண் குழந்தை. பெண்ணாடத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

"நீங்க அன்னிக்கு அந்த அம்மாகூட வந்தவங்க தான?"

"ஆமாம்மா."

"இருக்குதா அது?"

"இருக்காங்க."

"அதால எனக்கு எவ்ளோ அசிங்கம் தெரியுமா? பூ வெக்க வந்தவங்க திரும்பிப் போன பொண்ணுன்னு எவனும் வரல. எங்கம்மா அழுது அழுதே உடம்பு கெட்டுச்சு. அதுக்குப் பொறவுதான் இவரு வந்தாரு. அந்த அம்மா நல்லா இருக்குமா? நான் இன்னா பாவம் பண்ணேன் அதுக்கு?"

சத்தியம் பண்ணியிருந்தேன்.

அவள் பஸ் வந்துவிட்டது. கூட்டம் முட்டியது. "கொஞ்சம் புடிங்க" என்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். உள்ளே இடம் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். குழந்தையைக் கொடுத்தேன்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். விளக்கு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணப் பாத்தேன்க்கா. பெண்ணாடத்துல குடுத்திருக்காங்க. ஆம்பளப் புள்ள."

கை நின்றது.

"என்னக் கேட்டுச்சா?"

"திட்டுச்சு."

"திட்டட்டும்." விளக்கைக் கீழே வைத்தாள். "புள்ளையத் தூக்குனியா?"

"தூக்குனேன்."

"கனமா இருந்துச்சா?"

"நல்ல கனம்க்கா" என்றேன். "கை வலிச்சுது."